மணலில் எழுதிய 'அ'

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, எழுத வெட்கப்பட்டுத் தள்ளிப் போட்ட பதிவு இது. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில வச்சுக்கங்க.

எங்க ஊர் வேங்கிக்கால். திருவண்ணாமலையில இருந்து வேலூர் போற ரோட்டுல, கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம்னு சொன்னா உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிடும். பஸ் ஸ்டாப்புல நின்னா போளூர், வேலூர்னு போர்டு போட்ட பஸ்ஸா வந்துகிட்டே இருக்கும். போன வருஷம் ஒருநாள் போளூர் மாமியார் வீட்டுக்குப் போறதுக்காக என் பையனோட அங்க நின்னுட்டிருந்தேன். அப்ப அவன் மூணாங்கிளாஸ். "என்ன பஸ் வருது, படிச்சுச் சொல்லுடா"ன்னேன். பய போர்டைப் பார்க்கவே இல்ல. படியில தொங்கிட்டு வந்த கண்டக்டர் வாயைப் பார்த்தான். அவர் "போளூர் போளூர்"னு கத்தினதும், "போளூர்ப்பா!"ன்னான்.

அன்னிக்கு சிரிச்சுட்டேன். 'செம கேடிடா நீ'ன்னு பெருமையா வேற இருந்துச்சு.

சிரிப்பு ஒரு வாரத்துல அடங்கிப் போச்சு. தமிழ்ப் பாடத்தை மடமடன்னு ஒப்பிப்பான். அதே பாடத்துல நடுவுல ஒரு வார்த்தையைக் காட்டி என்னன்னு கேட்டா முழிப்பான். 'கொடி'யை 'கெடி'ம்பான். முந்தின நாள் பத்து தடவை எழுதின வார்த்தை மறுநாள் புதுசா இருக்கும். ஸ்கூல்ல "கவனமே இல்லைங்க, வீட்ல கொஞ்சம் கண்டிச்சு வைங்க"ன்னாங்க. நானும் கண்டிச்சேன். ஸ்டீல் ஸ்கேலால. இதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு நாள் வெட்கம்.

அவன் அழல. "நேத்து தெரிஞ்சுதுப்பா, இன்னிக்குத் தெரியல"ன்னு மட்டும் சொன்னான்.

அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடல. அதைப் பிடிச்சுகிட்டு ராத்திரி ராத்திரியா படிச்சதுல கிடைச்ச கதையைத்தான் இங்க சொல்லப் போறேன். கதை இங்கிலாந்துல தொடங்குது. ஆனா நடுவுல நம்ம ஊர்த் திண்ணை வழியா வருது.

பெர்சியின் கதை

1896 நவம்பர். இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் சீஃபோர்டு என்ற கடலோர ஊர். அங்கே பிரிங்கிள் மார்கன் என்றொரு டாக்டர். அவரிடம் 14 வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். பெயர் பெர்சி. விளையாட்டில் சுட்டி, பேச்சில் தெளிவு, கண்ணிலும் கோளாறு இல்லை. 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் சரியாகவும் வேகமாகவும் போட்டுவிடுகிறான். (நீங்க போட்டுப் பாருங்க. கால்குலேட்டர் கூடாது. விடை 6,49,383.) ஆனால் வாசிக்க வராது. சின்ன வயதிலிருந்தே வீட்டில் ஆள் வைத்தும் பள்ளியிலும் சொல்லிக் கொடுத்தும் வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதுகிறான், அது தப்பென்று அவனுக்குத் தெரியவும் இல்லை. பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியரே சொல்லியிருக்கிறார்.

மார்கன் இதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பிறவியிலேயே வரும் 'சொல் குருடு' என்று பெயர் வைத்தார். படிப்பு வராத ஒரு குழந்தையைப் பார்த்து "இவன் சோம்பேறியும் இல்லை, முட்டாளும் இல்லை" என்று டாக்டர் ஒருவர் எழுதி வைத்த முதல் கட்டுரைகளில் இது ஒன்று.

சொல் அதற்கு முன்பே இருந்தது. ஜெர்மனியில் குஸ்மால் 1877ல் 'சொல் குருடு' என்றார். 1887ல் ருடால்ஃப் பெர்லின் என்ற கண் மருத்துவர் 'டிஸ்லெக்சியா' என்ற வார்த்தையைக் கொண்டுவந்தார். ஆனால் அவர்கள் பார்த்ததெல்லாம் நன்றாகப் படித்துக் கொண்டிருந்து, மூளையில் அடிபட்டதாலோ நோயாலோ வாசிப்பை இழந்த பெரியவர்களை. எதையும் இழக்காமல், ஆரம்பத்திலிருந்தே வாசிப்பு வராத குழந்தை என்பது வேறு விஷயம். கிளாஸ்கோவில் ஹின்ஷல்வுட் என்ற கண் மருத்துவர் அப்படிப்பட்ட பிள்ளைகளை வருடக்கணக்கில் பார்த்து 1917ல் ஒரு புத்தகமே எழுதினார்.

கவனிச்சீங்களா? பாதிப் பேர் கண் டாக்டருங்க. எழுத்தைக் கண்ணாலதானே பார்க்கிறோம், அப்ப கோளாறும் கண்ணுலதான்னு எல்லாருக்கும் தோணியிருக்கு. எனக்கும்தான். பையனை முதல்ல கூட்டிட்டுப் போனது கண்ணாடிக் கடைக்கு.

1925ல் அமெரிக்காவின் அயோவாவில் சாமுவேல் ஆர்டன் என்ற மருத்துவர், இந்தப் பிள்ளைகள் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதுவதைக் கவனித்தார். மூளையின் இரண்டு பக்கமும் போட்டி போடுவதால் அப்படி ஆகிறது என்று காரணம் சொன்னார். அந்தக் காரணம் பின்னால் நிற்கவில்லை. 1970களுக்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகள் வேறு பக்கம் கை காட்டின. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிக்கல் கண்ணில் இல்லை, ஒலியில். காதும் நல்லாத்தான் கேட்கும். ஆனால் கேட்ட சொல்லைச் சின்னச் சின்ன ஒலிகளாக உடைப்பதும், ஒவ்வொரு ஒலியையும் அதற்கான எழுத்தோடு சட்டென்று முடிச்சுப் போடுவதும் மூளைக்குக் கஷ்டமாக இருக்கிறது. முடிச்சு இறுகாததால்தான் 'நேத்து தெரிஞ்சுது, இன்னிக்குத் தெரியல'.

ஆர்டன் சொன்ன காரணம்தான் தப்பு. அவர் சொன்ன வைத்தியம் நின்னுடுச்சு. அவரோடு சேர்ந்து அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மேன் என்ற இரண்டு அம்மணிகள் 1930களில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். எழுத்தைக் கண்ணால் பார், காதால் கேள், வாயால் சொல், விரலால் எழுது. நாலும் ஒரே நேரத்தில். இன்றைக்கும் பல நாடுகளில் டிஸ்லெக்சியா பயிற்சியில் மணல் நிரப்பிய தட்டு வைத்து, பிள்ளையை விரலால் எழுத்தை வரைந்துகொண்டே அதன் ஒலியைச் சொல்லச் சொல்கிறார்கள்.

அம்மா கொண்டு வந்த தட்டு

மணல் தட்டுன்னு படிச்சதும் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எங்கம்மா, "எங்க தாத்தா எல்லாம் மணல்ல எழுதித்தான்டா கத்துகிட்டாரு. நீ ஸ்கேல எடுக்கறத விட்டுட்டு அவன் கையைப் புடிச்சு எழுத வை"ன்னு திட்டிட்டு, விஜயதசமிக்கு அரிசி பரப்பி 'அ' எழுத வச்ச அதே தாம்பாளத்தைக் கொண்டு வந்து டங்குன்னு வச்சாங்க. நான் காதுல வாங்கிக்கல. அமெரிக்காக்காரன் சொன்னாத்தானே நமக்கு ஏறும் :-)

அப்புறம்தான் இந்த மணல் எங்க இருந்து எங்க போச்சுன்னு தேட ஆரம்பிச்சேன்.

1623ல் பியெட்ரோ டெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி கர்நாடகத்தின் இக்கேரியில் ஒரு காட்சியைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நாலு சிறுவர்கள் தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, பாடத்தை ராகமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுகிறார்கள். தரை நிரம்பினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். நம் திண்ணைப் பள்ளிகளிலும் இதே வழக்கம்தான். முதலில் மணல், அப்புறம் ஓலை. மணலில் எழுதியது தப்பானால் கையால் ஒரு தடவு தடவினால் போதும், தப்பு இருந்த இடம் தெரியாது. காகிதத்தில் சிவப்பு மையால் சுழித்த தப்பு வருஷக் கடைசி வரை அங்கேயே இருக்கும்.

சரியாக நூற்றறுபது எழுபது வருஷம் கழித்து சென்னைக்கு வருவோம். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789ல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதிக்குப் பொறுப்பேற்கிறார். ஒருநாள் வழியில் ஒரு 'மலபார் பள்ளி'யைப் பார்க்கிறார். (அந்தக் கால வெள்ளைக்காரர்கள் தமிழர்களைத்தான் மலபார் என்பார்கள்.) பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கொண்டிருக்கிறார்கள். இதையே நம் விடுதியிலும் செய்யலாமே என்று தன் ஆசிரியர்களிடம் சொன்னால் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயது மாணவனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் கொடுத்துவிடுகிறார். பையன் சாதித்துக் காட்டினான். நம்ம சட்டாம்பிள்ளை முறைதான்!

1796ல் ஊர் திரும்பிய பெல், அடுத்த வருஷமே இதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் தொடங்கின பள்ளிக்கு இன்னமும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

இங்கே மெக்காலே காலம் வந்தது, திண்ணை போனது, மணலும் போனது. பலகை வந்தது, நோட்டு வந்தது.

அப்புறம் ஒரு வேடிக்கை. ரோமில் மரியா மாண்டிசோரி என்ற டாக்டர், மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கி, எழுத்தை விரலால் தடவிக் கற்கும் வழியைக் கண்டார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் அவருடைய வகுப்பின் அடையாளமாயின. அவர் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்தார், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எழும்பூரில் இருந்து கப்பலேறிய மணல், நூத்தம்பது வருஷம் கழிச்சு உப்புத்தாளா அடையாறுல வந்து இறங்கின மாதிரி எனக்குத் தோணுச்சு. (ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்குன்னு சொல்லல. என் மனசுல ஓடின படம், அவ்வளவுதான்.)

உடனே 'பார்த்தீங்களா, அந்தக் காலத்துலயே நம்ம முன்னோர்கள்...'னு ஆரம்பிச்சுடாதீங்க. திண்ணைப் பள்ளியில் பிரம்பு இருந்தது. பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் இருந்தது. பெண்களில் மிகச் சிலரே உள்ளே வர முடிந்தது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் திண்ணை ஏற முடியாது. மனப்பாடம்தான் அங்கே ராஜா. வாசிக்க வராமல் காதால் கேட்டே ஒப்பித்த எத்தனையோ பெர்சிகள் அங்கே மாட்டிக்கொள்ளாமல் தப்பித்திருப்பார்கள், எத்தனையோ பேர் கோதண்டத்தில் தொங்கியிருப்பார்கள்.

என் வருத்தம் வேற. திண்ணையில இருந்து ரெண்டு பொருள் நம்ம கைக்கு வந்திருக்கலாம். ஒண்ணு மணல், இன்னொண்ணு பிரம்பு. நாம மணலை விட்டுட்டு பிரம்பை மட்டும் எடுத்துகிட்டு வந்துட்டோம். அது எங்க வீட்டுல ஸ்டீல் ஸ்கேலா இருந்துச்சு.

நம்ம ஊருக்குப் பெயர் வந்த கதை

தமிழ்நாட்டில் இதற்கென்று முனைந்து வேலை தொடங்கியது 1990களின் தொடக்கத்தில். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் அப்போதுதான் சென்னையில் உருவானது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பெற்றோருக்கு ஆலோசனை, பிள்ளைகளுக்கென்று 'அனன்யா' என்ற தனி மையம். ஆனால் 1995ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு வகைகளில் இது கிடையாது. 2007 டிசம்பரில் 'தாரே ஜமீன் பர்' வந்தபோதுதான் பல வீடுகளில் இந்த வார்த்தையே நுழைந்தது. (அந்தப் படத்துக்கு நீங்களும் விமர்சனம் எழுதியிருப்பீங்க. நானும் எழுதினேன், கண்ணீர் விட்டேன்னு. ஸ்கேல் எடுத்தப்ப அது ஞாபகம் வரலை, பாருங்க.) 2016 சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்று இதைச் சேர்த்தது. மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதில் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும் என்று 2018ல் மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது.

மார்கன் கட்டுரை 1896. நம்ம சட்டம் 2016. சரியா 120 வருஷம்! நடுவுல 'மக்கு'ன்னு பட்டம் வாங்கிட்டுப் படிப்பை விட்டவங்க எத்தனை பேரு? என்கூட அஞ்சாவது வரைக்கும் படிச்ச ஒருத்தன், ரேடியோவைப் பிரிச்சு மேய்வான், வாசிக்கச் சொன்னா மட்டும் வேர்த்துக் கொட்டும். தினமும் அடி. ஆறாவதுக்கு வரவே இல்ல. அவன் முகம் இப்ப அடிக்கடி ஞாபகம் வருது.

தமிழில் எப்படித் தெரியும்?

இதைப் பத்திப் படிச்சா எல்லாம் இங்கிலீஷ் உதாரணமா இருக்கும். பி-யும் டி-யும் மாறும்பாங்க. தமிழ்ல அப்படிக் கிடையாது. நான் கவனிச்சது, சிறப்புப் பயிற்றுநர் சொல்லிக் கொடுத்தது ரெண்டையும் கலந்து சொல்றேன்.

முதல்ல ஒரு எச்சரிக்கை. ல, ள, ழ குழப்பமோ ர, ற குழப்பமோ மட்டும் இருந்தா அது டிஸ்லெக்சியா இல்ல. அப்படிப் பார்த்தா பதிவுலகத்துல முக்கால்வாசிப் பேருக்குச் சான்றிதழ் கொடுக்கணும் :-))

'கொ'வை எடுத்துக்கங்க. ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால்னு மூணு துண்டு. கொம்பு முதல்ல நிக்குது, ஆனா அதோட ஒலி க-வுக்கு அப்புறம் வருது. கால் எங்கேயோ தள்ளி நிக்குது. நமக்குப் பழகிப் போச்சு. இந்தப் பிள்ளைகள் கொம்பைப் பிடிச்சா காலை விட்டுடுவாங்க. குறில் நெடில் மாறும், புள்ளி காணாமப் போகும், 'பட்டம்' 'படம்' ஆகும். சின்ன வயசுல எல்லாக் குழந்தையும் இதைச் செய்யும். மூணாங்கிளாஸ் தாண்டியும் தொடர்ந்தா கவனிக்கணும்.

இன்னொரு விஷயம் முக்கியம். இங்கிலீஷ்ல 26 எழுத்தை வச்சுகிட்டு 44 ஒலியைச் சமாளிக்கிறாங்க, அதனால தப்பு பளிச்சுன்னு தெரியும். தமிழ்ல 247 எழுத்துன்னாலும் பெரும்பாலும் எழுதினபடியே வாசிச்சுடலாம். அதனால இங்க சில பிள்ளைகள் தப்பில்லாம வாசிப்பாங்க, ஆனா ஆமை வேகத்துல, எழுத்து எழுத்தா. வரி முடியறதுக்குள்ள வரியோட ஆரம்பம் மறந்துடும். 'சரியாத்தானே வாசிக்கிறான்'னு நாம விட்டுடுவோம்.

சொல்லிக் கேட்டாப் புரியுது, வாசிச்சாப் புரியல. பாடம் ஒப்பிப்பான், நடுவுல கேட்டாத் தெரியாது. சின்னதுல ஒரே ஓசையில முடியற வார்த்தை விளையாட்டு வராது. வாசிக்கச் சொன்னா வயித்து வலி, பாத்ரூம். குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கும். இதெல்லாம் சேர்ந்து இருந்தா சோதனை பண்ணிப் பாருங்க. முதல்ல கண்ணும் காதும். அப்புறம் அரசுப் பள்ளின்னா வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநர் இருப்பாங்க, அவங்ககிட்ட கேளுங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கின சோதனைத் தொகுதியை வச்சு உளவியலாளர்கள் பார்ப்பாங்க. சான்றிதழ் இருந்தா பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு மாதிரி சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

பல நாட்டு ஆய்வுகள் நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்துப் பிள்ளைகள் வரை இருக்கலாம்னு சொல்லுது. 40 பேர் கிளாஸ்ல ரெண்டு பேராவது.

எங்க வீட்டுல இப்ப

ஸ்கேலைத் தூக்கிப் போட்டாச்சு. தினமும் இருபது நிமிஷம், அதுக்கு மேல கிடையாது. தாம்பாளத்துல மணல். (அரிசியில எழுதினா அம்மா சமைக்க விட மாட்டேங்கறாங்க.) ஒரு நாளைக்கு ஒரு எழுத்துக் குடும்பம். எழுதிகிட்டே சத்தமா சொல்லணும்.

மணல் இல்லாத நேரத்துல வாய் விளையாட்டு. "வேங்கிக்கால், கை தட்டிப் பிரி." வேங், கிக், கால். "மரம்ல ம-வை எடுத்துட்டு க போடு." கரம். "வ போடு." வரம். வண்டியில போகும்போது இதான் வேலை. கதைப் புத்தகத்தை நான் வாசிப்பேன், அவன் கேட்பான். வாசிக்க வரலைங்கிறதுக்காகக் கதையே கிடைக்காமப் போகக் கூடாதுல்ல? அவனா வாசிக்கும்போது ஒரு அட்டையை வச்சு கீழ் வரிகளை மறைச்சுடுவோம்.

எங்கப்பா ஒருநாள் பழைய புத்தகம் ஒண்ணைக் கொண்டு வந்து அவனுக்குக் காட்டினாரு. 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு போட்ட பழைய எழுத்து. பெரியார் 1935லயே தன் பத்திரிகையில மாத்தி, 1978ல அரசாணையா வந்த சீர்திருத்தத்துக்கு முந்தினது. "எழுத்தையே மாத்தியிருக்காங்களா தாத்தா?"ன்னு பையன் ஆச்சரியமாக் கேட்டான். "ஆமாண்டா, கஷ்டமா இருக்குன்னுதான் மாத்தினாங்க"ன்னாரு. எழுத்து கஷ்டமா இருக்குன்னு சொல்றது தப்பில்லைன்னு அவனுக்கு முதல் தடவையா அப்பதான் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

குணமாயிடுச்சான்னு கேட்காதீங்க. இது காய்ச்சல் இல்ல, போறதுக்கு. கூடவே இருக்கும், வழி பழகிக்கணும். இன்னும் மெதுவாத்தான் வாசிக்கிறான். கணக்குல பெர்சிக்குத் தம்பி.

போன மாசம் மறுபடி அதே பஸ் ஸ்டாப். பஸ் வந்துச்சு. கண்டக்டர் என்னவோ கத்தினாரு. பையன் அவரைப் பார்க்கல, போர்டைப் பார்த்தான். உதடு அசைஞ்சுது, விரல் தொடையில எழுதிச்சு. "போ... ளூ... ர்." திரும்பி என்னைப் பார்த்தான். அதுக்குள்ள பஸ் போயிடுச்சு.

அடுத்த பஸ்ல போனோம்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, வாத்தியாரும் இல்ல. ஸ்கேல் எடுத்த ஒரு அப்பன், அவ்வளவுதான். உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ இப்படி ஒரு பிள்ளை இருந்தா, என்ன செஞ்சு பலன் கிடைச்சுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த அப்பனுக்கு உதவும்.